இரட்டைச் சான்றிதழும் ஐந்து சனிக்கிழமைகளும்

பெரித் லூண்ட்மார்க்குக்கு ஐம்பத்தெட்டு வயது. வலது தோளுக்கு மட்டும் எழுபது ஆகிறது என்பாள். வடக்கே லூலியோ நகரத்தில் ஒரு பள்ளிச் சமையலறையில் முப்பத்தொரு வருடமாக வேலை. நானூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு வேகிற பாத்திரத்தைத் தூக்கித் தூக்கித் தேய்ந்த தோள் அது. பதினெட்டு வருடம் அவளோடு அதே அடுப்படியில் நின்றிருக்கிறேன். வலிக்கிறது என்று அவள் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. பாத்திரத்தை இடது பக்கம் மாற்றிக்கொள்வாள், அவ்வளவுதான்.

கணவர் போய் ஒன்பது வருடமாகிறது. செத்துப்போகவில்லை, தெற்கே கல்மார் ஊருக்குப் போய்விட்டார். அங்கே ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் இருந்த பெண்ணோடு இருக்கிறார். அவர் இருந்தவரை சேமிப்பு, வங்கி, வரி எல்லாம் அவர் கையில். போனபிறகுதான் பெரித் தன் கணக்கின் கடவுச்சொல்லையே கேட்டு வாங்கினாள். அதன்பிறகு அதைப் பற்றி யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டாள்.

வருடா வருடம் ஓய்வூதிய ஆபீசிலிருந்து ஆரஞ்சு நிற உறை ஒன்று வரும். அறுபத்தாறு வயது வரை வேலை செய்தால் மாதம் இவ்வளவு, அறுபத்துமூன்றில் நின்றுகொண்டால் இவ்வளவு என்று அதில் போட்டிருக்கும். பெரும்பாலோர் பிரிக்காமலே மேஜை இழுப்பறையில் போட்டுவிடுவோம். அந்த வருடம் பெரித் அதைப் பிரித்து, படித்து, மறுநாள் காலையில் சமையலறைப் பொறுப்பாளரிடம் போய், "அறுபத்துமூணுல நிக்கிறேன். இப்பவே எழுதிக்க" என்றாள்.

"இன்னும் அஞ்சு வருஷம் இருக்கே பெரித்?"

"அதான் இப்பவே சொல்றேன். அப்புறம் ஆள் கிடைக்கலன்னு அழக்கூடாது."

மூன்று வருடம் முன்னால் நிற்பதற்கு அவள் கணக்குப் பார்த்து வைத்திருந்தாள். கையில் ஆறு லட்சம் குரோனா சேமிப்பு. பெரும்பகுதி உலகம் முழுக்க உள்ள கம்பெனிப் பங்குகளில் பரவலாகப் போட்டிருக்கும் சாதாரண நிதிகளில் இருந்தது. இப்படியே வளர்ந்தால் அறுபத்துமூன்றில் கொஞ்சம் இடைவெளி விழும். அந்த இடைவெளியை அடைக்க இருபதில் ஒரு பங்கை, அதாவது முப்பதாயிரத்தை, பிட்காயினில் போடுவது என்று முடிவு செய்தாள். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஐந்து வருடம் தொடக்கூடாது. "போச்சுன்னா மூணு வருஷங்கறது ரெண்டே முக்காலா ஆகும். வளந்துச்சுன்னா இடைவெளி அடையும். எது நடந்தாலும் எனக்குத் தூக்கம் வரும்" என்றாள்.

நேரே நாணயத்தை வாங்கி வைப்பதில் அவளுக்கு விருப்பமில்லை. அதற்குக் காரணம் இங்வே. இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நாங்கள் சிலர் சேர்ந்து பங்குகள் வாங்குகிற பங்குக் குழுவின் தலைவர். அவர் ஒரு காலத்தில் நாணயமாகவே வாங்கி, அதற்கான இருபத்துநாலு ரகசியச் சொற்களை ஒரு தாளில் எழுதி சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையில் வைத்திருந்தார். அந்தச் சொற்கள் இல்லாமல் நாணயத்தை எடுக்கவே முடியாது. அவர் மனைவி அந்தத் தாளைக் கொண்டு சவுனா அடுப்பைப் பற்றவைத்தாள். "எங்க வாழ்க்கையிலயே ரொம்ப செலவான குளியல் அதுதான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஆக, பிட்காயின் சான்றிதழ். ஒரு கம்பெனி வெளியிடுவது, பங்குச்சந்தையில் பங்கைப் போலவே விற்று வாங்கக்கூடியது. பிட்காயின் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். ஆன்லைன் தரகர் ஆப்பில் ஏற்கெனவே இருக்கிற சேமிப்புக் கணக்கிலேயே உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கணக்குக்கு வருடத்துக்கு ஒரு சின்ன வரி. ஒவ்வொரு விற்பனையையும் மே மாதம் வரி ஆபீசுக்கு எழுதி அனுப்ப வேண்டியதில்லை. தொலைப்பதற்கும் எரிப்பதற்கும் தாள் எதுவும் கிடையாது.

எங்கள் பங்குக் குழு ஆறு பேர். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை எங்கள் அடுக்ககத்தின் துணி துவைக்கும் கூடத்துக்குப் பின்னாலிருக்கும் அறையில் கூடுவோம். யார் ஒரு பங்கை வாங்கலாம் என்கிறார்களோ அவர்கள்தான் அன்றைக்கு ரொட்டி சுட்டுக்கொண்டு வரவேண்டும். எல்லோருக்கும் புரியும்வரை விளக்க வேண்டும். ஒரே ஒருத்தருக்குப் புரியவில்லை என்றாலும் வாங்கமாட்டோம். ஜூனில் பெரித் ஏலக்காய் ரொட்டி சுட்டுக்கொண்டு வந்து பிட்காயின் சான்றிதழைப் பற்றி விளக்கினாள். இரண்டு பேருக்குப் புரியவில்லை. அந்த இரண்டில் நான் ஒருத்தி.

"சரி, ரொட்டியை மட்டும் சாப்பிடுங்க. என் காசுல நான் வாங்கிக்கறேன்" என்றாள்.

அங்கேயே போனைத் திறந்தாள். ஆப் விடவில்லை. இது சிக்கலான சரக்கு, முதலில் பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள், குறைந்தது எட்டு சரியாக இருக்க வேண்டும் என்றது. மற்றவர்கள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இங்வே காபியோடு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

எங்கள் வடக்கத்திக்காரர்களுக்கு 'ஆமாம்' என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் குறைவு. உதட்டைக் குவித்து மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுப்போம். அதுதான் ஆமாம். யாரும் நினைத்துச் செய்வதில்லை, தானாக வரும். பெரித் பதில்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். சரியான பதில் வந்தபோதெல்லாம் பின்னாலிருந்து இங்வேயின் மூச்சு 'ஷுப்' என்று உள்ளே போனது. அவள் விரல் அதை அழுத்தியது.

பத்துக்குப் பத்து.

"நான் ஒரு வார்த்தை பேசல" என்றார் இங்வே.

"நீ மூச்சு விட்டதே போதும்" என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தோம். பெரித்தும் சிரித்தாள்.

வாங்குவதை நடுக்கோடைப் பண்டிகைக்கு முந்தின வியாழக்கிழமைக்குத் தள்ளி வைத்தாள். சம்பளம் வந்துவிடும், சேமிப்பும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். பள்ளி மூடியதும் எங்களைப் போன்றவர்களை நகராட்சி முதியோர் இல்லச் சமையலறைக்கு அனுப்பும். அந்த வியாழக்கிழமையும் அங்கேதான் இருந்தோம். அறுபது பேருக்கு சால்மன் மீன் அடுப்பில். பெரித் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் போனுமாக நின்றாள். பட்டியலில் ஒரே மாதிரிப் பெயரில் மூன்று நான்கு சான்றிதழ்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன. மீன் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. மேலே இருந்ததை அழுத்தினாள். முப்பதாயிரம். 'ஆர்டர் நிறைவேறியது' என்று வந்தது. போனை ஏப்ரன் பைக்குள் போட்டுவிட்டு மீனைத் திருப்பினாள்.

வெள்ளிக்கிழமை பங்குச்சந்தைக்கு விடுமுறை. எல்லோரும் படகேறித் தீவுகளுக்குப் போய்விட்டோம். பெரித்தின் தங்கை வீட்டுக்காரன் ரூனேவுக்கு ஒரு தீவில் கோடை வீடு உண்டு, என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். புது உருளைக்கிழங்கு, ஊறவைத்த ஹெரிங் மீன், புளிப்பு கிரீம், ஸ்ட்ராபெர்ரி. பூ சுற்றிய பண்டிகைக் கம்பத்தைச் சுற்றிப் பிள்ளைகள் தவளை மாதிரிக் குதித்தன. ரூனே ஒவ்வொரு சின்னச் சாராயக் கோப்பைக்கும் ஒரு பாட்டுப் பாடுவான். இந்த வருடம் பெரித் வாங்கியது தெரிந்து, பாட்டுக்கு நடுவே போனில் பிட்காயின் விலையையும் பார்த்தான்.

"பெரித்! உன் காசு நாலு சதவீதம் இறங்கிடுச்சு! இதுக்கு ஒண்ணு ஊத்திக்கோ!"

"ஊத்து."

நாணயச் சந்தைக்குப் பண்டிகையும் கிடையாது, ஞாயிறும் கிடையாது. சனிக்கிழமை காலை ரூனே கதவைத் திறந்துகொண்டே, "எட்டு!" என்றான். மத்தியானம் படகுத்துறையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, "ஒம்போதரை! விக்கலாம்னாலும் உன் கடை பூட்டியிருக்கே! என்ன முதலீட்டாளரே, திங்கக்கிழமை வரைக்கும் கதவைத் தட்டிட்டே இருப்பியா?" என்றான். அவனுக்கு இருக்கிற ஒரே முதலீடு ஒரு பனி ஸ்கூட்டர். அதுவும் இரண்டு வருடமாக ஓடவில்லை.

"எனக்கு அஞ்சு வருஷ வேலை இது ரூனே. உனக்குத்தான் பொழுதுபோகல" என்றாள் பெரித்.

ஆனாலும் திங்கட்கிழமை சான்றிதழ் என்ன விலையில் திறக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்பினாள். ஆப்பில் வியாழக்கிழமை விலையே உறைந்து நின்றது. எப்படிக் கணக்குப் போடுவது என்று பார்க்க, சான்றிதழின் விவரத்தாளைத் திறந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டிருந்தேன்.

மேலும் கீழும் இரண்டு முறை தள்ளிப் படித்தாள். பிறகு போனை என் பக்கம் திருப்பினாள்.

"இதைப் படி. எனக்குத் தப்பாத் தெரியுதான்னு பாரு."

படித்தேன். பிட்காயினின் ஒருநாள் ஏற்ற இறக்கத்தைப் போல இரண்டு மடங்கு என்று போட்டிருந்தது. அதன்கீழே, பரிந்துரைக்கப்படும் காலம்: ஒரு நாள்.

"ஒரு நாளா?" என்றேன்.

"நான் அஞ்சு வருஷத்துக்கு வாங்கியிருக்கேன்."

"தப்பான வரியைத் தொட்டுட்டே."

"அதில்ல." கண்ணாடியைக் கழற்றினாள். "இந்தக் கேள்வி அந்தப் பத்துல இருந்துச்சு. தினசரி ரெண்டு மடங்கு போறதை வருஷக்கணக்கா வெச்சிருக்கலாமான்னு. இல்லைங்கற பதிலை நான்தான் அழுத்தினேன். என்ன கேக்கறாங்கன்னே தெரியாம அழுத்தினேன். இங்வே மூச்சு இழுத்தான், நான் அழுத்தினேன். தெரிஞ்சு அழுத்தியிருந்தா அடுப்படியில நிக்கும்போதும் கண்ணுல பட்டிருக்கும்."

அன்று சாப்பாட்டு மேஜையில் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ரூனே முதல்முறையாகச் சிரிக்கவில்லை. "அப்படின்னா விக்காதே. இறங்கும்போது ரெண்டு மடங்குன்னா ஏறும்போதும் ரெண்டு மடங்குதானே? காத்திரு, தானா வந்துடும்" என்றான். தங்கை, "இந்த எழவே வேண்டாம், மிஞ்சினதை எடுத்துட்டு வெளிய வா" என்றாள். பெரித் இருவருக்கும் உருளைக்கிழங்கைப் பரிமாறினாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குச் சந்தை திறந்தது. நாணயம் பதினொரு சதவீதம் இறங்கியிருந்தது, இவளுடையது இருபத்திரண்டு. ஒன்பது மணி இரண்டு நிமிடத்துக்கு விற்றாள். முப்பதாயிரம் இருபத்துமூன்றாயிரத்து நானூறு ஆனது. ஒரு மடங்கு மட்டும் ஏறி இறங்குகிற சாதாரணச் சான்றிதழை உடனே வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. காபி இடைவேளையில் தரகர் கம்பெனிக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே, வாசனைக்குத் தூவுகிற டில் இலையை நறுக்கினாள். ஆர்வித் என்று ஒரு பையன் எடுத்தான்.

"என்னோட தேர்வை அழிச்சிடணும்" என்றாள்.

"நீங்க தேறியிருக்கீங்களே பெரித். பத்துக்குப் பத்து."

"நான் தேறல. எனக்குப் பின்னாடி நின்ன ஆள் தேறினான்."

"அது… உங்க கணக்குல வேற யாராவது உள்ள போனாங்களா? அப்படின்னா பாதுகாப்புப் பிரிவுக்கு…"

"யாரும் உள்ள போகல. காபி குடிச்சிட்டு நின்னான். அனுமதியை எடுத்துடு தம்பி. மறுபடி எழுதறேன்."

"ஆனா இப்ப அவசியமே இல்லையே. அப்படியே வாங்கலாம். இதுவரைக்கும் அனுமதியை எடுக்கச் சொல்லி யாரும் போன் பண்ணினதில்ல. இன்னும் வேணும்னுதான் கேப்பாங்க."

"சரி, இன்னிக்கு ஒருத்தி கேக்கறா. எவ்வளவு நேரமாகும்?"

அவன் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தான். அன்று மதியமே அனுமதி போய்விட்டது. வீட்டுக்குப் போன கையோடு அவள் தனியாக உட்கார்ந்து தேர்வு எழுதினாள். ஆறு. தோல்வி. ஒரு நாளைக்கு ஒருமுறைதான் எழுதலாம்.

செவ்வாய்க்கிழமை நாணயம் மூன்று சதவீதம் ஏறியது. இங்வே போன் செய்தார்.

"ஏம்மா, ஏறிட்டு இருக்கு. சாயங்காலம் வர்றேன், அஞ்சு நிமிஷ வேலை. ஒவ்வொரு நாளும் உனக்குக் காசு போகுது."

"வா. காபி தர்றேன். போனை அலமாரில வெச்சிடுவேன்."

"என்மேல கோபமா?"

"உன்மேல என்ன கோபம்? மூச்சு விடறதை நிறுத்தச் சொல்ல முடியுமா? நான்தான் என் காதை வெச்சுத் தேர்வு எழுதினேன்."

அன்று முதியோர் இல்லத்தில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே, மதிய உணவுப் பட்டியலின் பின்பக்கத்தில் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாள். தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள் என்று புரிந்தது.

"நூறு இருக்குன்னு வை. நாணயம் ஒரு நாள் பத்து சதவீதம் இறங்குது. தொண்ணூறு. மறுநாள் பத்து சதவீதம் ஏறுது. தொண்ணூத்தொம்போது. சரியா? இப்ப ரெண்டு மடங்கு. நூறு, முதல் நாள் எண்பது. மறுநாள் இருபது சதவீதம் ஏறுது. எண்பதுல இருபது சதவீதம் பதினாறுதான். தொண்ணூத்தாறு."

"அப்போ ரூனே சொன்ன மாதிரி ஏறும்போது…"

"ஏறும். ஆனா நாணயம் வீடு வந்து சேர்ந்திருக்கும், இது பாதி வழியில நிக்கும். தினம் தினம் அப்படி ஆட்டினா அஞ்சு வருஷத்துல என்ன மிஞ்சும்? இந்தப் பாத்திரத்தை அறுபத்தாறு வயசு வரைக்கும் நான்தான் தூக்கிட்டு நிப்பேன்."

ஜூனில் ஏலக்காய் ரொட்டியோடு சொன்னபோது புரியாத எனக்கு அது இப்போது புரிந்தது.

புதன்கிழமை சாயங்காலம் மறுபடி எழுதினாள். ஏழு. ஒரு கேள்வியில் போய்விட்டது. சான்றிதழை வெளியிட்ட கம்பெனி கவிழ்ந்தால் உன் பணம் என்னவாகும் என்ற கேள்வி. அன்றும் நாணயம் கொஞ்சம் ஏறியிருந்தது. ரூனே செய்தி அனுப்பினான்: 'வித்துட்டே, இல்ல? ஏறுது பாரு. வெச்சிருந்தா?' பெரித் பதிலுக்கு ஒரு ஹெரிங் மீன் படம் அனுப்பினாள்.

அதற்காக ராத்திரி கண்விழித்து உட்காரவில்லை. சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள், தோளுக்குத் தைலம் தேய்த்துப் படுத்துவிட்டாள். காலையில் பஸ்ஸில் விவரத்தாளின் அந்தப் பகுதியை மட்டும் மூன்று முறை படித்தாள். வெளியிட்டவர்கள் நாணயத்தை வாங்கித் தனியாக வேறொருவர் பொறுப்பில் பூட்டி வைத்திருக்கிற சான்றிதழ் ஒன்று. வெறும் வாக்குறுதியை மட்டும் நம்புகிற சான்றிதழ் இன்னொன்று. முதல் வகைதான் தனக்கு வேண்டும் என்று என்னிடம் சொன்னாள். அதுவரை இப்படி இரண்டு வகை இருப்பதே அவளுக்குத் தெரியாது.

வியாழன் சாயங்காலம் மறுபடி எழுதினாள். பத்துக்கு ஒன்பது. பத்தாவதில் ஏன் தவறினோம் என்று பார்த்து, "ம், இது என் அவசரம்" என்றாள்.

மறுநாள் காலை, இல்லத்தின் பின்வாசல் படியில் உட்கார்ந்து வாங்கினாள். கையில் கரண்டி இல்லை. பட்டியலில் ஒவ்வொரு பெயரையும் விரலால் தொட்டு, விவரத்தாளைத் திறந்து, 'ஒரு மடங்கு' என்று எழுதியிருப்பதை எனக்கும் காட்டிவிட்டு அழுத்தினாள். இருபத்துமூன்றாயிரத்து நானூறு. திங்கட்கிழமை வாங்கியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட ஏழு சதவீதம் கூடுதல் விலைக்கு.

"மனசு அடிச்சுக்கலையா?" என்று கேட்டேன்.

"அடிச்சுக்குது. அதுக்கு நான் என்ன பண்ண?"

எழுந்து உள்ளே போனவள் நேரே இல்லத்தின் பொறுப்பாளர் அறைக்குப் போனாள். முப்பதாயிரம் என்று வைத்தால் முப்பதாயிரம். குறைகிற ஆறாயிரத்து அறுநூறுக்கு, வரி போக, ஐந்து சனிக்கிழமை வேலை. கோடையில் சனிக்கிழமைக்கு ஆள் கிடைக்காமல் அந்த அம்மாள் தவித்துக்கொண்டிருந்தாள், உடனே எழுதிக்கொண்டாள்.

"தோள் தேஞ்சுபோச்சுன்னு சீக்கிரம் நிக்கப்போற. இப்ப சனிக்கிழமையும் வர்றேங்கற" என்றேன்.

"மூணு வருஷத்துக்கு அஞ்சு சனிக்கிழமை. நீயே கணக்குப் போடு."

அந்தக் கோடை முழுக்க லூலியோவில் நல்ல வெயில். சனி ஞாயிறு வந்தால் எல்லோரும் தீவுகளில் கிடந்தோம். பெரித் சனிக்கிழமைகளில் காலை ஆறரை பஸ்ஸில் போவாள். கூலி கணக்கில் விழுந்த அன்றே அந்தச் சான்றிதழை அந்தத் தொகைக்கு வாங்கிவிடுவாள். முதல் வாரம் விலை ஏறியிருந்தது, இரண்டாவது வாரம் இறங்கியிருந்தது. இரண்டு தடவையும் அதே மாதிரிதான் வாங்கினாள்.

மூன்றாவது சனிக்கிழமை ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று நானும் வேலைக்குப் போயிருந்தேன். பதினொரு மணி இருக்கும். ஸ்பீக்கரில் ரூனேவின் குரல், பின்னால் படகு மோட்டார் சத்தம்.

"பெரித்! பாத்தியா? நேத்து சாயங்காலத்திலிருந்து ஏழு சதவீதம் இறக்கம்!"

அவள் பாத்திரத்தின் ஒரு கைப்பிடியைப் பிடித்திருந்தாள், மற்றதை நான். நிறுத்தினாள்.

"எவ்வளவு?"

"ஏழு!"

"அப்போ திங்கக்கிழமை என்னோடதும் ஏழு இறங்கும்."

"அதைத்தான் சொல்றேன்!"

"ஏழுன்னா ஏழு. பதினாலு இல்ல. சரியாத்தான் இருக்கு ரூனே. போனை வை, தண்ணி வடிக்கணும்."

இருவரும் சேர்ந்து பாத்திரத்தைச் சாய்த்தோம். ஆவி முகத்தில் அடித்தது. உருளைக்கிழங்கு குழையாமல் பதமாக வெந்திருந்தது.

"இன்னும் ரெண்டு சனிக்கிழமை" என்றாள் பெரித், டில் இலையைக் கிள்ளித் தூவிக்கொண்டே.